ஹெட் கேஸ்கெட் மாற்றிய பிறகும் வண்டி படுத்துகிறதா? அறிகுறி வாரியாகப் பிழை தேடும் வழி

இன்ஜினின் மேல் பாகமான ஹெட்டுக்கும் கீழ்ப் பாகமான பிளாக்குக்கும் நடுவில் வாயு, தண்ணீர், ஆயில் கசியாமல் அடைக்கும் தகடுதான் ஹெட் கேஸ்கெட். வீட்டு வாசலில் ஹெட்டைக் கழற்றி, கேஸ்கெட் மாற்றி, மூடி, சாவியைத் திருப்பிய பிறகு வரும் தொல்லைகளுக்கான குறிப்பு இது. மாருதி 800, ஆம்னி வண்டிகளின் 796 சிசி மூன்று சிலிண்டர் இன்ஜினை மனதில் வைத்து எழுதியிருக்கிறேன். வீட்டில் பிரித்துப் பார்க்கத் துணிகிறவர்கள் கையில் அதிகம் சிக்குவது அதுதான். 800 தயாரிப்பு 2014-லும் ஆம்னி 2019-லும் நின்றுபோனாலும் இரண்டும் தெருவில் இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. அலுமினிய ஹெட், டைமிங் பெல்ட் (கிராங்க் சுழற்சியோடு வால்வுகளை இணைக்கும் பல் பட்டை) உள்ள மற்ற பழைய பெட்ரோல் கார்களுக்கும் இதில் முக்கால்வாசி பொருந்தும்.

"புதுக் கேஸ்கெட்டே டூப்ளிகேட் போல" என்று கடைக்கு ஓடுவதற்கு முன் ஒன்று சொல்லிவிடுகிறேன். கேஸ்கெட் தானாகக் கெட்டதை விட, மாற்றும்போது ஏதோ ஒரு படியைத் தாண்டிப் போனதால் வந்த கோளாறுகளைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன். எந்தப் படியை விட்டீர்களோ அதற்கென்று ஒரு அறிகுறி வரும். அதைப் பிடித்துக்கொண்டு தேடினால் பாதிப் பேர் ஹெட்டை மறுபடி திறக்கவே தேவையிருக்காது. அதனால் ஒவ்வொரு தலைப்பிலும் செலவில்லாத சோதனை முதலில் வரும், லேத் பட்டறை கடைசியில் வரும்.

ஆயில் லைட் எரிகிறது, அல்லது டிப்ஸ்டிக்கில் (ஆயில் மட்டம் பார்க்கும் கம்பி) ஆயில் வெளுத்திருக்கிறது என்றால் மற்றதைப் படிக்காமல் நேராக அந்தத் தலைப்புக்குப் போங்கள். அதுவரை இன்ஜினை ஓட விடாதீர்கள். இன்னொன்று, சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்கக் கூடாது. மேல் ஹோஸை வெறுங்கையால் பிடிக்க முடிகிற அளவுக்கு ஆறட்டும். வடித்த கூலன்ட்டைத் திறந்த பாத்திரத்தில் வைக்காதீர்கள். இனிப்பாக இருப்பதால் நாய், பூனை குடித்துவிடும், அது விஷம்.

## ஸ்டார்ட்டர் "டக்" என்று நின்றுவிடுகிறது

பேட்டரி வீக் என்று நினைத்துத் தள்ளி ஸ்டார்ட் செய்ய வேண்டாம். ஹெட்டைத் தூக்கும்போது பிளாக்கில் மிச்சமிருந்த தண்ணீர் சிலிண்டருக்குள் இறங்கியிருக்கலாம். தண்ணீர் அமுங்காது, கனெக்டிங் ராடுதான் வளையும்.

மூன்று ஸ்பார்க் பிளக்கையும் கழற்றிவிட்டு, கிராங்க் புல்லி போல்ட்டில் ஸ்பேனர் மாட்டிக் கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றுங்கள்.

சுற்றுகிறது, பிளக் துளை வழியே தண்ணீர் வருகிறது: முழுவதும் வெளியேற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி சுற்றுங்கள். பிறகு டிப்ஸ்டிக்கைப் பாருங்கள். பிஸ்டன் ரிங் வழியாகத் தண்ணீர் சம்ப்புக்கும் (அடியில் ஆயில் தேங்கும் தொட்டி) போயிருக்கும்.

பிளக் இல்லாமலும் ஒரே இடத்தில் முட்டுகிறது: பலம் கொடுக்காதீர்கள். பெல்ட் கவரைத் திறந்து கேம் புல்லிக் குறியும் கிராங்க் குறியும் நேராக இருக்கின்றனவா என்று பாருங்கள். குறி சரியாக இருந்தால், தூசி விழாமல் இருக்கட்டும் என்று இன்டேக்கிலோ சிலிண்டரிலோ துணி அடைத்தீர்களா, அதை எடுத்தீர்களா என்று யோசியுங்கள். சிரிப்பாகத் தோன்றும், ஆனால் நடக்கிறது. இரண்டும் இல்லையென்றால் இதற்கு மேல் வீட்டில் வைத்துப் பார்க்காதீர்கள், மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

## ஸ்டார்ட் ஆகிறது, ஆனால் மிஸ்ஸிங் அடிக்கிறது

இதில் பெரும்பாலும் கேஸ்கெட்டுக்குச் சம்பந்தமே இருக்காது. திரும்ப மாட்டும்போது வந்த கோளாறுதான்.

1. பிளக் ஒயர் மாறியிருக்கிறதா? இந்த இன்ஜினின் ஃபயரிங் வரிசை 1-3-2.
2. கார்புரேட்டரைச் சுற்றியுள்ள வேக்யூம் ஹோஸ்களில் ஏதாவது ஒன்று தொங்குகிறதா? கழற்றும் முன் போனில் நாலு படம் எடுத்திருந்தால் இந்தக் கேள்வியே வராது.
3. டிஸ்ட்ரிபியூட்டரைக் குறி போடாமல் கழற்றினீர்களா? டைமிங் லைட் வைத்துச் சரி செய்ய வேண்டும். அது இல்லையென்றால் பத்து நிமிட வேலைக்கு மெக்கானிக்கிடம் போவதில் வெட்கமில்லை.
4. டேப்பெட் இடைவெளி (வால்வுக்கும் அதை அழுத்தும் ராக்கர் கைக்கும் நடுவில் உள்ள சந்து) சரி பார்த்தீர்களா? ஹெட் கழன்று ஏறினால் டேப்பெட்டை மறுபடி வைத்தே ஆக வேண்டும். பலர் விடும் படி இது. இறுக்கமாக இருந்தால் வால்வு முழுதாக மூடாது. சில நாள் அப்படியே ஓட்டினால் வால்வு எரியும்.
5. டைமிங் பெல்ட் ஒரு பல் தள்ளியிருக்கிறதா? ஸ்டார்ட் ஆகும், ஐடில் கூட நிற்கும், இழுவை மட்டும் இருக்காது.

ஐந்தும் சரியென்றால் கம்ப்ரஷன் கேஜ் வையுங்கள். ஆக்சிலரேட்டரை முழுதாக மிதித்துக்கொண்டு மூன்று சிலிண்டரையும் அளக்க வேண்டும். ஒன்று மற்றவற்றைவிட ஒரு கிலோவுக்கு (சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோ அழுத்தம்) மேல் குறைந்தால் அதில் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி அளவெடுங்கள். ஏறினால் ரிங். ஏறாவிட்டால் வால்வு அல்லது கேஸ்கெட். பக்கத்துப் பக்கத்துச் சிலிண்டர் இரண்டும் ஜோடியாகக் குறைந்திருந்தால் சந்தேகமே வேண்டாம், அவற்றுக்கு நடுவில் கேஸ்கெட் அடித்துக்கொண்டிருக்கிறது. ஹெட் இறங்கித்தான் ஆக வேண்டும்.

## ஓட்டினால் சூடு ஏறுகிறது

அதிகம் பேர் பயந்துபோய் ஹெட்டை மறுபடி இறக்குவது இந்த இடத்தில்தான். தேவையில்லாமல் இறக்குவதும் இதே இடத்தில்தான்.

முதலில் காற்று. காலியான கூலன்ட் வழிகளைத் திரும்ப நிரப்பும்போது உள்ளே காற்று தங்கிவிடும். ஆம்னியில் இன்ஜின் முன் சீட்டுக்கு அடியில், ரேடியேட்டர் வண்டியின் மூக்கில். நடுவில் நீளமான ஹோஸ்கள் ஓடுவதால் ஏர் லாக் பிடிக்க வாய்ப்பு அதிகம். முன்பக்கம் மேடாக இருக்கும்படி வண்டியை நிறுத்துங்கள். ஆறின இன்ஜினில் மூடியைத் திறந்து, மெல்ல ஊற்றி, மேல் ஹோஸைக் கையால் பிசைந்து பிசைந்து விடுங்கள். ஹீட்டர் இருந்தால் முழுச் சூட்டில் திறந்து வையுங்கள். மூடி திறந்தபடியே ஐடிலில் ஓட விட்டு, மட்டம் இறங்க இறங்க ஊற்றுங்கள். பொங்கி வரத் தொடங்கினால் விலகி நில்லுங்கள். மட்டம் நிலைத்த பிறகு மூடியைப் போட்டு, விசிறி இரண்டு தடவை ஓடி நிற்கும்வரை காத்திருங்கள். முழுதாக ஆறிய பின் மறுபடி திறந்து பார்த்தால் இன்னும் கொஞ்சம் இறங்கியிருக்கும். அது கசிவு அல்ல, உள்ளே இருந்த காற்று வெளியேறிய கணக்கு. மறுநாளும் அதற்கடுத்த நாளும் இறங்கினால்தான் கவலைப்பட வேண்டும்.

விசிறி சுற்றவில்லை. முள் பாதியைத் தாண்டியும் சத்தமில்லையா? சென்சார் கனெக்டரைத் திரும்ப மாட்ட மறந்திருப்பீர்கள். ஃபியூஸ் பாருங்கள். பிறகு பேட்டரியிலிருந்து நேரடியாக ஒயர் கொடுத்துப் பாருங்கள். மோட்டார் சுற்றினால் சுவிட்சில் கோளாறு, சுற்றாவிட்டால் மோட்டாரில் கோளாறு. கேஸ்கெட் முதலில் போனதே இந்த விசிறியால்தானா என்ற கேள்வியும் இங்கே எழ வேண்டும். முதல் கேஸ்கெட்டைத் தின்ற காரணத்தைத் தேடாமல் இரண்டாவதைப் போட்டவர்களுக்கு மூன்றாவது நிச்சயம்.

மேல் ஹோஸ் கொதிக்கிறது, கீழ் ஹோஸ் ஜில்லென்று இருக்கிறது. தெர்மோஸ்டாட் திறக்கவில்லை, அல்லது தலைகீழாகப் போட்டிருக்கிறீர்கள். ஸ்பிரிங் உள்ள பக்கம் இன்ஜினைப் பார்க்க வேண்டும். சிறு காற்றுத் துளை இருந்தால் அது மேலே வர வேண்டும். சந்தேகமாக இருந்தால் வெளியே எடுத்து, பாத்திரத்தில் தண்ணீரோடு அடுப்பில் வைத்து, தெர்மாமீட்டர் விட்டுப் பாருங்கள். எந்தச் சூட்டில் திறக்கும் என்று அதன் மேலேயே எண் அடித்திருக்கும்.

நம் ஊரில் இதற்கு ஒரு குறுக்கு வழி உண்டு: "வெயில் ஊருக்குத் தெர்மோஸ்டாட் எதுக்கு, எடுத்து எறி." செய்யாதீர்கள். இன்ஜின் சரியான சூட்டுக்கு வர நேரமாகும், பெட்ரோல் அதிகம் குடிக்கும், ஆயிலில் ஈரம் தங்கும். சில இன்ஜின்களில் பைபாஸ் வழியை மூடுவதும் அதே தெர்மோஸ்டாட்தான். அங்கே அதை எடுத்துவிட்டால் தண்ணீர் ரேடியேட்டருக்குப் போகாமல் உள்ளேயே சுற்றி, சூடு இன்னும் ஏறும்.

ஊருக்குள் பரவாயில்லை, ஹைவேயில் ஏறுகிறது. ரேடியேட்டர் அடைப்பைச் சந்தேகியுங்கள். போர் தண்ணீரையே ஊற்றிப் பழகிய வண்டியில் உப்புப் படிந்து குழாய்கள் பாதி அடைந்திருக்கும். கேஸ்கெட் மாற்றும் முன்பு கசிவை நிறுத்த யாராவது மஞ்சள் தூளோ ஸ்டாப்-லீக் பொடியோ போட்டிருந்தால், அதுவும் அங்கேதான் போய் உட்கார்ந்திருக்கும். வண்டி சூடானதும் விசிறியை நிறுத்தி, ரேடியேட்டர் முகத்தைத் தொடாமல், அருகில் கை காட்டிப் பாருங்கள். நடுவில் பட்டையாக ஓரிடம் மட்டும் சூடு குறைவாகத் தெரிந்தால் அங்கே தண்ணீர் ஓடவில்லை. ரேடியேட்டர் கடையில் கொடுத்துச் சுத்தம் செய்யலாம். முற்றிப்போனதென்றால் புதிதுதான். இனிமேல் ரெடியாகக் கலந்து வரும் கூலன்ட், அல்லது டிஸ்டில்டு வாட்டர் கலந்த கூலன்ட் மட்டும் ஊற்றுங்கள்.

இத்தனையும் சரி, இன்னும் ஏறுகிறது. மூடியின் ரப்பர் வெடித்திருக்கிறதா பாருங்கள். விலை குறைந்த பொருள், சந்தேகம் என்றாலே மாற்றிவிடலாம். வாட்டர் பம்ப் தாங்கி ஆடுகிறதா என்றும் பாருங்கள். அப்புறம்தான் அடுத்த தலைப்பு.

## ஆறின வண்டியிலேயே ஹோஸ் கல்லாகிறது, ரேடியேட்டரில் குமிழி வருகிறது

இரவெல்லாம் நின்ற வண்டியைக் காலையில் ஸ்டார்ட் செய்து ஒரு நிமிடத்துக்குள் மேல் ஹோஸைப் பிடித்துப் பாருங்கள். தண்ணீர் இன்னும் சூடாகவே இல்லை, ஆனால் ஹோஸ் விறைத்துவிட்டதா? அந்த அழுத்தம் தண்ணீருடையது அல்ல, சிலிண்டருடையது.

உறுதி செய்ய பிளாக் டெஸ்ட் கிட் என்று ஒன்று கிடைக்கிறது. ரேடியேட்டர் வாயில் வைத்துக் காற்றை உறிஞ்சினால், பெட்ரோல் வண்டியில் எரிந்த வாயு இருந்தால் நீலத் திரவம் மஞ்சளாகும், டீசலில் பச்சையாகும். தண்ணீரே உறிஞ்சப்பட்டால் முடிவு செல்லாது. மட்டத்தைக் கொஞ்சம் இறக்கிக்கொண்டு செய்யுங்கள்.

நிறம் மாறவில்லை என்றால் அந்தக் குமிழி இன்னும் வெளியேறாத காற்று. மேலே சொன்னபடி மறுபடி நிரப்புங்கள். நிறம் மாறினால் ஹெட் இறங்க வேண்டும். ஆனால் உடனே அல்ல. முதலில் போல்ட் இறுக்கியது எப்படி என்று நினைத்துப் பாருங்கள்:

- டார்க் ரெஞ்ச் (இறுக்கும் விசையை அளந்து காட்டும் ஸ்பேனர்) இல்லாமல் "கை கணக்கில்" இறுக்கினீர்களா?
- நடுவிலிருந்து வெளியே என்ற வரிசையை விட்டு, ஒரு முனையிலிருந்து ஆரம்பித்தீர்களா? அப்படிச் செய்தால் கேஸ்கெட் நடுவில் சுருங்கி நிற்கும்.
- ஒரே மூச்சில் முழு டார்க் கொடுத்தீர்களா? இரண்டு மூன்று சுற்றாக ஏற்ற வேண்டும்.
- ரெஞ்சின் எந்த அளவுகோலைப் படித்தீர்கள்? 55 நியூட்டன் மீட்டர் கொடுக்க வேண்டிய இடத்தில் 55 அடி-பவுண்டு வைத்தால் அது 75 நியூட்டன் மீட்டர் ஆகிவிடும். கிலோகிராம்-மீட்டர், நியூட்டன் மீட்டர், அடி-பவுண்டு மூன்றும் ஒரே ரெஞ்சில் அடித்திருப்பதால் இந்தக் குழப்பம் சகஜம்.
- போல்ட் துளைகளைச் சுத்தம் செய்தீர்களா? அடி மூடிய துளையில் தண்ணீரோ ஆயிலோ நின்றால் போல்ட் முழுதாக இறங்கும் முன்பே ரெஞ்ச் "க்ளிக்" என்று சொல்லிவிடும். இன்னும் கொஞ்சம் தள்ளினால் அடைபட்ட ஆயில் அழுத்தத்தில் பிளாக்கே விரிசல் விடும்.

"மேலேயே இன்னொரு சுற்று இறுக்கிவிட்டால் போதாதா?" என்று கேட்பார்கள். அம்பாசடர் காலத்து இன்ஜின்களில் சூடாகி ஆறிய பின் மறுபடி இறுக்குவது வழக்கமாகவே இருந்தது. உங்கள் வண்டி மேனுவல் சொன்னால் மட்டும் செய்யுங்கள். ஒரு தடவை வாயு ஊதிய கேஸ்கெட்டில் வழி விழுந்துவிட்டது. இறுக்கினால் ஒரு வாரம் தள்ளிப்போகும், அவ்வளவுதான். கோண அளவில் இறுக்கும் போல்ட் உள்ள புதிய இன்ஜின்களில் மேலே இன்னொரு சுற்று கொடுப்பது போல்ட்டை அறுக்கும் வேலை. அந்த வகை போல்ட் ஒரு தடவை இழுபட்டு நீண்டுவிடும். மேனுவல் "அளந்து பார்த்துத் திரும்பப் போடலாம்" என்று சொல்லாத பட்சத்தில் புது போல்ட்தான் வாங்க வேண்டும்.

## தண்ணீர் குறைகிறது, கீழே ஒரு சொட்டும் இல்லை

வேலை முடிந்த முதல் நாள் சைலன்சரில் வெள்ளைப் புகை வந்தால் பதற வேண்டாம். உள்ளே சிந்திய கூலன்ட் ஆவியாகிறது. அரை மணி நேரம் நன்றாக ஓட்டியும் நிற்காமல், இனிப்பு வாடையோடு வந்தால்தான் விசாரணை.

ரிசர்வ் டப்பா ஹோஸில் விரிசல் இருக்கிறதா, மூடி சரியாக உட்காருகிறதா என்று முதலில் பாருங்கள். வாட்டர் பம்பின் கசிவுத் துளைக்குக் கீழே காய்ந்த தடம் இருக்கும், சூடான இன்ஜினில் சொட்டு தரைக்கு வரும் முன்பே காய்ந்துவிடும். ஹீட்டர் உள்ள வண்டியில் முன் சீட்டுக் கால் விரிப்பைத் தூக்கி ஈரம் பாருங்கள். இவை இல்லையென்றால் பிளக் மூன்றையும் கழற்றி வரிசையாக வையுங்கள். இரண்டு பழுப்பாக, ஒன்று மட்டும் கழுவிவிட்ட மாதிரி வெள்ளையாக இருந்தால் அந்தச் சிலிண்டருக்குத் தண்ணீர் போகிறது.

எந்த வழியாகப் போகிறது என்பதைக் கூலிங் பிரஷர் டெஸ்டர் சொல்லும். ஆறின வண்டியில் மூடியில் எழுதியிருக்கும் அழுத்தம் வரை பம்ப் செய்து ஓரிரு மணி நேரம் விடுங்கள். பிறகு பிளக் துளை வழியே சிறு கேமரா விட்டுப் பார்த்தால் ஈரம் தெரியும். கேமரா இல்லையென்றால் பிளக் இல்லாமல் ஸ்டார்ட்டரை ஒரு நொடி தட்டுங்கள். தண்ணீர் சீறி வெளியே வரும். முகத்தைத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள்.

கார்புரேட்டர் வண்டிகளில் இன்டேக் மேனிஃபோல்டுக்குள்ளும் தண்ணீர் ஓடும் வகை உண்டு. ஹெட் கேஸ்கெட்டுக்குப் புதிது வாங்கிவிட்டு மேனிஃபோல்டுக்குப் பழைய கேஸ்கெட்டையே திரும்பப் போட்டவர்கள் முதலில் அதை மாற்றிப் பார்க்கட்டும். ஹெட்டை இறக்காமலே முடிந்துவிடக்கூடிய வேலை.

## ஹெட்டும் பிளாக்கும் சேரும் இடத்தில் வெளியே கசிகிறது

தண்ணீரா ஆயிலா என்று விரலில் தொட்டுப் பாருங்கள். ஆயில் என்றால், மேலே வால்வு கவர் கேஸ்கெட்டிலிருந்து வழிந்து வந்ததா என்று பாருங்கள். துடைத்துவிட்டு, மாவுப் பவுடரை ஊதிவிட்டு, கொஞ்சம் ஓட்டிப் பார்த்தால் தடம் எங்கே தொடங்குகிறது என்று தெரியும். பெரும்பாலும் மேலேதான் தொடங்கும்.

உண்மையிலேயே இணைப்பிலிருந்து வருகிறது என்றால் ஒன்று, பழைய கேஸ்கெட் ஒட்டிக்கொண்டிருந்ததை முழுதாகச் சுரண்டவில்லை. அல்லது சிலிக்கான் பூசியிருக்கிறீர்கள். ஷெல்லாக்கும் சிலிக்கானும் பழக்கதோஷம். கேஸ்கெட் தயாரித்தவர் "இந்த மூலையில் ஒரு பொட்டு" என்று சொன்ன இடம் தவிர வேறெங்கும் அவற்றுக்கு வேலை இல்லை. பிதுங்கிய சிலிக்கான் வெளியே தெரிகிறதென்றால் அதே அளவு உள்ளேயும் பிதுங்கியிருக்கும். அந்தத் துண்டுகள் தண்ணீர் வழியில் போனால் ரேடியேட்டரில் நிற்கும், ஆயில் வழியில் போனால் சம்ப்பில் ஆயில் உறிஞ்சும் வலையில் நிற்கும். வெளிக்கசிவு சொட்டு அளவில் மட்டும் இருந்தால் மட்டத்தைக் கவனித்துக்கொண்டு சில நாள் ஓட்டலாம். மற்ற அறிகுறி ஏதாவது சேர்ந்தால் நிறுத்துங்கள்.

## ஆயில் பால் டீ நிறத்தில் இருக்கிறது

எங்கே பார்த்தீர்கள் என்பது முக்கியம். ஆயில் ஊற்றும் மூடியின் அடியில் மட்டும் வெண்மையாகக் கொஞ்சம், டிப்ஸ்டிக்கில் சுத்தம் என்றால், அது ஐப்பசி மழையில் கடைத்தெரு வரை மட்டுமே ஓட்டும் வண்டிக்கு வருவது. ஊட்டி, கொடைக்கானல் பக்கம் வருடம் முழுக்கக் காணலாம். ஒரு நீண்ட ஓட்டத்தில் மறைந்துவிடும்.

டிப்ஸ்டிக்கே வெளுத்திருந்தால் சாவியை எடுத்துவிடுங்கள். கூலன்ட் கலந்த ஆயிலில் ஓடும் ஒவ்வொரு நிமிடமும் பேரிங்குக்குக் கேடு.

எளிய காரணம் ஒன்றுண்டு: வேலை செய்யும்போது சிலிண்டரிலும் ஆயில் வழிகளிலும் சிந்திய தண்ணீர் கீழே இறங்கியிருக்கும். ஹெட் மாற்றிய பின் ஆயிலும் ஃபில்டரும் மாற்றாமல் "போன மாசம்தானே மாத்தினேன்" என்று விட்டவர்களுக்கு வருவது இது. சம்ப் நட்டை மெல்லத் தளர்த்தினால் தண்ணீர் கனமாக இருப்பதால் அதுதான் முதலில் வரும். எவ்வளவு வருகிறது என்று ஒரு பாட்டிலில் பிடியுங்கள்.

பிறகு விலை குறைந்த ஆயிலும் புது ஃபில்டரும் போட்டு, ஐடிலில் மட்டும் சில நிமிடம் ஓட விட்டு வடியுங்கள். நிறம் தெளியும்வரை திரும்பத் திரும்பச் செய்யுங்கள். தெளிந்ததும் நல்ல ஆயிலும் இன்னொரு ஃபில்டரும் போடுங்கள். ஆறின நிலையில் கூலன்ட் மட்டத்தில் ஒரு கோடு போட்டு வைத்து, ஒரு வாரம் தினமும் இரண்டையும் பாருங்கள்.

- ஆயில் தெளிவாகவே இருக்கிறது, கூலன்ட் கோட்டில் நிற்கிறது: சிந்திய தண்ணீர்தான். வேலை முடிந்தது.
- கூலன்ட் இறங்குகிறது, ஆயில் மறுபடி வெளுக்கிறது: ஹெட் இறங்க வேண்டும். கேஸ்கெட்டை மட்டும் பார்க்காமல் ஹெட்டைப் பிரஷர் டெஸ்டுக்கு அனுப்புங்கள்.
- ஆயில் சுத்தம், ரேடியேட்டரில் ஆயில் மிதக்கிறது: தண்ணீரால் குளிர்விக்கும் ஆயில் கூலர் உள்ள டீசல் வண்டி என்றால் ஹெட்டைத் தொடுவதற்கு முன் கூலரைப் பாருங்கள். மாருதியும் டாடாவும் பல மாடல்களில் பயன்படுத்திய 1.3 லிட்டர் டீசல் இன்ஜின் இந்த வகைதான்.

வெளுத்த ஆயிலோடு நிறைய தூரம் ஓடிவிட்டது, இப்போது அடியில் தட்டும் சத்தம் கேட்கிறது என்றால் வீட்டு வேலை இங்கே முடிகிறது. சம்ப்பைக் கழற்றி பேரிங் பார்க்கும் பட்டறைக்கு வண்டியைக் கட்டி இழுத்துப் போங்கள், ஓட்டிப் போகாதீர்கள்.

## ஆயில் லைட் அணையவில்லை, அல்லது மேலே தட்டல் சத்தம்

பத்து நொடிக்குள் அணையவில்லை என்றால் நிறுத்துங்கள். ஆயில் ஊற்றினீர்களா, சென்சார் ஒயர் மாட்டினீர்களா என்று பார்த்த பின்:

கேஸ்கெட் தலைகீழாகவோ முன்பின் மாறியோ போயிருக்கலாம். ஹெட்டுக்கு ஆயில் ஏறும் துளை ஒரே ஒரு இடத்தில் இருக்கும். கேஸ்கெட்டைத் திருப்பிப் போட்டால் அது அடைபடும். அப்போது லைட் அணைந்தாலும் ராக்கர் ஆர்முக்கு ஆயில் வராது. மேல்புறம் காய்ந்து தட்ட ஆரம்பிக்கும். வால்வு கவரைத் திறந்து, பிளக் கழற்றிய நிலையில் ஸ்டார்ட்டரைச் சுற்றிப் பாருங்கள். சற்று நேரத்தில் ராக்கரில் ஆயில் ஊற வேண்டும். வரவில்லை என்றால் மறுபடி ஹெட் இறக்கம். கேஸ்கெட்டில் "டாப்" என்று அச்சடித்திருக்கும் பக்கம் மேலே. அச்சு இல்லாத வகையென்றால் பிளாக் மேல் வைத்து ஒவ்வொரு துளையாக ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுத்தான் மூட வேண்டும்.

இன்னொரு குறுக்கு வழியின் விளைவு நூறு, இருநூறு கிலோமீட்டர் கழித்து வரும். பழைய கேஸ்கெட்டைச் சுரண்டப் பொறுமையில்லாமல் டிரில்லில் உப்புத்தாள் சக்கரமோ உராய்வு டிஸ்க்கோ மாட்டி ஓட்டுவது. பளபளவென்று வரும், பார்க்க அழகு. அந்தச் சக்கரம் உதிர்க்கும் அலுமினியம் ஆக்சைடு தூள் ஆயில் வழிகளுக்குள் போய் பேரிங்கை அரித்துவிடும். ஃபில்டர் முழுதாகப் பிடிக்காது. ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் இதைச் செய்யக் கூடாது என்று தன் சர்வீஸ் பட்டறைகளுக்குத் தனிச் சுற்றறிக்கையே அனுப்பியிருக்கிறது. அலுமினிய மேற்பரப்பில் அந்த டிஸ்க் பள்ளமும் உண்டாக்கும். பிளாஸ்டிக் சுரண்டி, கேஸ்கெட் ரிமூவர் திரவம், பொறுமை. இந்த மூன்றும் போதும். டிஸ்க் ஓட்டிவிட்டீர்கள், இப்போது அடியில் தட்டல் கேட்கிறது என்றால் பட்டறைதான்.

## போல்ட் இறுகவே மாட்டேன் என்கிறது

சுற்றச் சுற்றச் சுழன்றுகொண்டே இருந்தால் பிளாக்கில் மறை போயிருக்கிறது, அல்லது போல்ட் நீண்டுகொண்டிருக்கிறது. வெளியே எடுத்துப் பாருங்கள். போல்ட்டின் மறை ஒரு இடத்தில் இழுபட்டு மெலிந்திருந்தால் எல்லா போல்ட்டையும் புதிதாக வாங்குங்கள். போல்ட்டோடு உலோகச் சுருள் வந்தால் பிளாக் மறை போய்விட்டது. பெரிய போல்ட் போடலாம், பசை ஊற்றலாம் என்று யாராவது சொல்வார்கள். கேட்காதீர்கள். அந்தத் துளைக்கு ஹெலிகாயில் (புது மறையாக உள்ளே பொருத்தும் கம்பிச் சுருள்) போட நேராகத் துளையிடும் வசதி வேண்டும். கை டிரில்லில் கோணல் விழுந்தால் பிளாக்கே போச்சு. லேத் பட்டறையில் செய்துகொள்ளுங்கள்.

## நன்றாக ஓடியது, சில மாதம் கழித்து மறுபடி அதே கோளாறு

சூட்டின் காரணம் தீர்ந்துவிட்டது, டார்க்கும் சரி, ஆனாலும் திரும்பி வருகிறதென்றால் அளக்காமல் மூடியிருக்கிறீர்கள். ஒரு தடவை நன்றாகச் சூடாகிய அலுமினிய ஹெட் வளையாமல் இருந்தால்தான் ஆச்சரியம். இன்ஜின் ஆறும் முன்பே ஹெட் போல்ட்டைத் தளர்த்தினாலும் வளையும்.

மேற்பரப்பு முழுதாகச் சுத்தமான பிறகு, பட்டறைத் தரமுள்ள ஸ்ட்ரெயிட் எட்ஜை (துல்லியமான நேர்விளிம்புச் சட்டம்) வைத்து, அடியில் ஃபீலர் கேஜ் (கனம் குறித்த மெல்லிய தகடு) விட்டுப் பார்க்க வேண்டும். நீளவாக்கில் இரண்டு ஓரமும், குறுக்கே இரண்டு முனையும், மூலைவிட்டம் இரண்டும். பள்ளிக்கூட ஸ்கேலோ அலுமினிய ஜன்னல் சட்டமோ இதற்கு உதவாது. சுசுகி இன்ஜின்களுக்கு வழக்கமான வரம்பு 0.05 மில்லிமீட்டர். அந்த அளவுத் தகடு எங்காவது நுழைந்தால் ஹெட் ஃபேசிங் (பட்டறையில் மேற்பரப்பைச் சமமாகத் தேய்ப்பது) போக வேண்டும். பிளாக் மேற்பரப்பையும் அதே ஆறு கோட்டில் பாருங்கள். ஹெட்டை அனுப்பிவிட்டு பிளாக்கை மறந்தவர்கள்தான் இந்தத் தலைப்புக்கு அடிக்கடி வருகிறவர்கள். ஹெட்டை நேர்நிலையில் நிறுத்தும் டோவல் (dowel) வளையங்கள் பிளாக்கில் இரண்டும் இருக்கின்றனவா என்றும் பாருங்கள். சுரண்டும்போது ஒன்று ஹெட்டோடு ஒட்டிக்கொண்டு போய்த் தொலைந்திருக்கலாம்.

கண்ணாடித் தகட்டில் உப்புத்தாள் ஒட்டி ஹெட்டைத் தேய்ப்பதை வீடியோவில் பார்த்திருப்பீர்கள். மொபெட் ஹெட்டுக்கு அது நடக்கும். மூன்று சிலிண்டர் நீள ஹெட்டில் கையின் அழுத்தம் முனைகளில் அதிகமாகி, நடு உயர்ந்து நிற்கும். தேய்க்கும் முன் இருந்ததைவிட மோசமாகும். அதிலும் பல அடுக்கு எஃகு கேஸ்கெட் போடும் இன்ஜின் என்றால் மேற்பரப்பு இன்னும் வழவழப்பாக இருக்க வேண்டும். அதைக் கையால் கொண்டுவர முடியாது.

ஹெட்டைப் பட்டறைக்குக் கொண்டுபோகும்போது மூன்று விஷயம் கேளுங்கள். முதலில் பிரஷர் டெஸ்ட், அப்புறம்தான் ஃபேசிங். விரிசல் உள்ள ஹெட்டைத் தேய்த்துக் காசு கொடுக்காதீர்கள். இரண்டு வால்வுக்கும் நடுவில் உள்ள குறுகிய பாலத்திலும் பிளக் துளை ஓரத்திலும் விரிசல் தேடச் சொல்லுங்கள். எவ்வளவு எடுத்தார்கள் என்று எழுதி வாங்குங்கள். முன்பே ஒரு தடவை ஃபேசிங் ஆன ஹெட்டாக இருந்தால் மேனுவல் வரம்பு தாண்டியிருக்கும். அப்படியென்றால் வேறு ஹெட்தான்.

வேறு ஹெட் என்று வந்தால் சென்னையில் இருப்பவர்கள் பழைய வண்டி உதிரிபாகக் கடைகள் உள்ள புதுப்பேட்டைக்குப் போவார்கள். பழைய ஹெட் வாங்குவதில் தப்பில்லை. ஆனால் "செக் பண்ணியாச்சு சார்" என்பதை நம்பிப் பணம் கொடுக்காதீர்கள். பிரஷர் டெஸ்டில் தேறாவிட்டால் திரும்ப எடுத்துக்கொள்வேன் என்று பில்லில் எழுதி வாங்குங்கள். எழுத மறுத்தால் அடுத்த கடை.